செத்தவர் எழுதிய மூன்று பக்கம்

"நஸீர்ட கையெழுத்துத்தான்" என்றார் மஹ்ரூப் நானா. "முடிஞ்சிச்சி முருகையா. போய் வண்டியப் பூட்டு."

நான் அசையவில்லை. வண்டியைப் பூட்டினால் ரெங்கம்மா கைக்குழந்தையோடு மூன்று மாதம் பதுளைச் சிறையில் கல் உடைப்பாள்.

1904 மார்ச், இலங்கை மலைநாட்டில் ஒரு சனிக்கிழமை காலை. கோர்ட்டு குமாஸ்தாவின் அறையில் எங்கள் முன்னால் ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்துச் சம்பளப் புத்தகம் விரிந்து கிடந்தது. மஹ்ரூப் நானா பதுளையில் ஒரு புரொக்டரிடம், அதாவது வக்கீலிடம், எழுத்து வேலை பார்ப்பவர். வழக்கில் முடிச்சு விழுந்தால் அவிழ்ப்பதும் அவர்தான். நான் அதே புரொக்டரின் மாட்டுவண்டிக்காரன். லயத்தில், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன். வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் தோட்டத்தில் நிலைக்கவில்லை.

வழக்கு இதுதான். ரெங்கம்மா இந்த மாதம் மூன்றாம் தேதி, துரையிடம் சொல்லாமல் எல்ல என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் தன் அக்காளிடம் போய்விட்டாள். சொல்லாமல் போனால் சிறை. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. மாதம் முடிந்து அறுபது நாளாகியும் கூலி வரவில்லையென்றால் ஆள் சொல்லாமலே போகலாம். அப்போது குற்றவாளி துரை. ரெங்கம்மாவுக்குப் போன ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூன்று மாதம் ஒரு சதமும் வரவில்லை. தோட்டத்தில் யாருக்குமே வரவில்லை.

துரையோ, கொடுத்தாயிற்று என்கிறார். புத்தகத்தைப் பாருங்கள் என்கிறார்.

பார்த்தோம். மூன்று மாதத்துக்கு மூன்று பக்கம். வரிசையாகப் பெயர்கள், எதிரே 'கொடுத்தாச்சு'. எழுதியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நஸீர். நல்ல மனுஷர். ஜனவரி நடுவில் காய்ச்சலில் போய்விட்டார். செத்தவரைக் கூண்டில் ஏற்றி யார் கேள்வி கேட்பது? என்ன வசதி பாருங்கள் துரைக்கு!

"நூறு பேர் கூலி வரலன்னு சொல்றாங்களே நானா" என்றேன்.

"நூறு பேர்ட வாய் ஒரு பக்கம், துரைட புஸ்தகம் ஒரு பக்கம். நீதவான் எதை நம்புவார்?"

"நீதவான் துரையோட சாயந்தரம் பந்து விளையாடுறவரு. பந்தைத்தான் நம்புவாரு."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தின் தலையில் விரலை வைத்தார். அங்கே சின்னதாக 786 என்று இருந்தது. 'பிஸ்மில்லாஹ்' என்று முழுதாக எழுதுவதற்குப் பதிலாக முஸ்லிம்கள் தாளின் மேலே போடும் எண்.

"பாரு, சம்பளப் புஸ்தகத்துலயும் மறக்காமப் போட்டீக்கார். நான் இந்தக் கோர்ட்டுக் காயிதத்துல ஒரு நாளும் போட்டதில்ல. இதுல பாதி பொய். பொய்யில அல்லாஹ்ட பேர வைக்க எனக்குக் கை வராது. நஸீர் என்னவிட நல்ல மனிசன்."

அந்த நேரத்தில் கோர்ட்டுச் சேவகன் எட்டிப் பார்த்து, ஊசிப்பாறைத் துரை திங்கட்கிழமை அறுபது ஆட்களைக் கூட்டி வரப்போவதாகச் சொன்னான். ரெங்கம்மா விலங்கோடு போவதை எல்லாரும் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அன்றைக்கு அவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. ஏழு மைல் நடந்து வந்து, தங்களில் ஒருத்தி சிறைக்குப் போவதைப் பார்ப்பதற்கு அரை நாள் கூலி! அதையும் கொடுக்கப் போவதில்லை. வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

மஹ்ரூப் நானா தொப்பியைச் சரிசெய்து எழுந்தார். "நஸீர்ட வீட்டுக்குப் போவோம். மூணு மாசம் சம்பளம் போட்ட மனிசன் பொஞ்சாதிக்கிட்டயாவது ஒரு சொல்லு செல்லியிருப்பார்."

நஸீரின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள சந்தில். அவர் மனைவி ஸவாஹிரா இத்தாவில் இருந்தாள். கணவன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் அவளுடைய மாமியார் ரஹ்மத்தும்மா, பாக்கு வெட்டியும் கையுமாக, காவல்.

"மூணு மாசச் சம்பளம் அவர் கையால குடுத்தாரா தங்கச்சி?"

"எங்க குடுத்த? காசு வரல்லண்டு லயத்து ஆள்கள் எங்கட வாசல்ல வந்து நிண்டாங்க. இவர் ரெண்டு தரம் பங்களாக்குப் போய் ஏச்சு வாங்கிட்டு வந்தார்."

"புஸ்தகத்துல அவர்ட கை ஈக்கே. மேல எழுநூத்தி எண்பத்தாறு கூட ஈக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மாறி வந்தது. "எந்தப் புஸ்தகத்துல?"

"சம்பளப் புஸ்தகத்துல."

"பொய்! அவர் கடிதத்துல போடுவார், கடைச் சீட்டுல போடுவார். அந்தப் புஸ்தகத்துல சத்தியமாப் போடமாட்டார். முழு நாள் வேலை செஞ்ச பொம்பளைக்கு அரைப் பேர் போடுண்டு துரை செல்லுவாராம். இவர் போட்டுட்டு வந்து ராவைக்குச் சோறு இறங்காம ஈப்பார். 'ஏழைட கூலிய வெட்டுற புஸ்தகம் இது ஸவாஹிரா, இதுல அல்லாஹ்ட பேர வச்சா நான் எந்த மூஞ்சோட தொழப் போறது' எண்டுதான் செல்லுவார்."

ரஹ்மத்தும்மாவின் பாக்கு வெட்டி நின்றுவிட்டது. "என்ட மகன் அப்பிடித்தான் வாப்பா" என்றாள். "வேலைய விட்டுட்டு வாண்டு எத்தன தரம் சென்னேன். ஈந்த கடனுக்கு வரவும் ஏலாமப் போச்சு."

மஹ்ரூப் நானா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கோர்ட்டுல வந்து இத செல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"இத்தால ஈக்கிற பொம்பளய எங்க வரச் செல்லுறீங்க?" என்று ரஹ்மத்தும்மா சீறினாள். கேட்டது தப்பென்று அவருக்கே தெரியும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

வெளியே வந்ததும் திரும்பக் கோர்ட்டுக்கு ஓட்டம். புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினோம். போன வருஷம் ஜனவரி. மேலே ஒன்றுமில்லை. பெப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஒன்றுமில்லை. செப்டெம்பர் வரை ஒன்பது பக்கம், சுத்தமாக ஒன்றுமில்லை. ஒக்டோபரில் திடீரென்று 786.

"ஒன்பது மாசம் இல்லாத பக்தி ஒக்டோபர்ல வந்துருச்சா?" என்றேன்.

"நஸீர்ட கையெழுத்தக் கள்ளமாப் போட்டவன் கடிதத்தப் பாத்துப் பழகியீக்கான். கடிதத்துல மேல ஈந்தத இங்கயும் போட்டுட்டான். முருகையா, நஸீர் யாருக்குக் கூடுதலாச் சீட்டு எழுதுவார்?"

"ஸலீம் முதலாளி கடைக்கு. தோட்டத்துச் சாமான் எல்லாம் அங்கதானே."

ஸலீமின் கடை பதுளைக் கடைத்தெருவில். அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, கம்பளி. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. நஸீரின் சீட்டுக்கட்டைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"இப்பதான் திரும்பி வந்திச்சி" என்றார்.

"எங்கேருந்து?"

"போன சனிக்கிழமை கணபதி வந்தான். நஸீருக்குக் கீழ ஸ்டோர்ல நிண்டவன், இப்ப அவன்தான் கணக்கப்பிள்ளை. 'மவுத்தானவர் இங்க வச்சிட்டுப் போன கடனைத் துரை தீர்க்கிறார், சீட்டெல்லாம் குடுங்க' எண்டான். துரைக்கு இவ்வளவு நல்ல மனசாண்டு நான் கண் கலங்கிட்டேன். நாலு நாளையால சீட்டைக் கொண்டு வந்து போட்டான். காசு ஒண்டும் இல்ல."

சீட்டுகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றின் தலையிலும் 786. 'அரிசி இரண்டு மூடை அனுப்பவும்', 'விளக்குத் திரி அனுப்பவும்'. ஒரு மனுஷன் இறந்து எட்டு வாரம் ஆகவில்லை. அவன் கடனைத் தீர்ப்பதாகச் சொல்லி அவன் கையெழுத்தைத் திருடியிருக்கிறார்கள். அதைக் கொண்டு, அவன் யாருக்காகச் சோறு இறங்காமல் கிடந்தானோ அவர்களுடைய கூலியையே விழுங்கப் பார்க்கிறார்கள். சீ! லயத்துச் சாக்கடையில்கூட இப்படி நாற்றம் அடிக்காது.

"திங்கட்கிழமை வந்து இத செல்லுங்க நானா" என்றார் மஹ்ரூப்.

ஸலீம் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். "தோட்டத்துச் சாமான் முழுக்க என்ட கடைதான் மஹ்ரூப். எனக்குக் கட்டிக்குடுக்க மூணு குமருகள் ஈக்கு."

"ரெங்கம்மாவுக்கும் ஒரு பிள்ளை இருக்குங்க. மடியில" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டு பளபளவென்று ஆகிவிட்டது, இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

தெருவில் இறங்கியதும் நான் பொரிந்து தள்ளினேன். "ஒருத்தி வர முடியாது, ஒருத்தரு வர மாட்டாரு. இனிமே யாரைக் கூண்டுல ஏத்துறது? என் மாட்டையா?"

"கணபதிய."

"அவன் அவங்க ஆளு நானா!"

"அதனாலதான். புஸ்தகம் நஸீர்ட கைண்டு செல்ல அவங்களே அவனை ஏத்துவாங்க. நம்மட வேலை அவன்ட வாய்ல நம்மட வார்த்தைய வைக்கிறதில்ல. அவனையே பேச விடுறது. நல்லாச் செஞ்ச வேலையப் பத்தி ரெண்டு வார்த்தை பெருமையாப் பேசாம அவனால ஈக்க ஏலாது."

"பேசலன்னா?"

"பேசலண்டா ரெங்கம்மா சிறைக்குப் போவா" என்றார்.

திங்கட்கிழமை காலை கோர்ட்டு வளவில் ஊசிப்பாறை ஆட்கள் அறுபது பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார்கள். முன்னால் மாரிசாமி. தேயிலைச் செடியின் கிளை வெட்டும் வயதான கவ்வாத்துக்காரர், என் அப்பாவுக்குக் கூட்டாளி. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "வேடிக்கை பார்க்க வரல தம்பி" என்றார். "வரலன்னா லயத்தைப் பூட்டிருவோம்னு சொன்னாங்க."

"தெரியும் மாமா. ஆனா எந்திரிச்சுப் போயிராதீங்க. இங்கேயே இருங்க."

உள்ளே ரெங்கம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்த பெண். குழந்தை அவள் தாலிக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார நீதவான் கொட்டாவியை அடக்கினார். துரை முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைக் காட்டி, சத்தியம் செய்து, தன் சாட்சியத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அடுத்து கணபதி. எண்ணெய் வைத்து வாரிய தலை, இஸ்திரி போட்ட கோட்டு.

எங்கள் புரொக்டர் எழுந்தார். மஹ்ரூப் நானா பின்னாலிருந்து துண்டுத் துண்டாகக் கேள்வி எழுதித் தந்தார். நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"காலஞ்சென்ற நஸீரை உமக்கு நன்றாகத் தெரியுமா?"

"ஒரு வருஷமா அவருக்குக் கீழ இருந்தேனுங்க. அண்ணன் தம்பி மாதிரிங்க."

"இந்த மூன்று பக்கமும் அவர் எழுதியதுதானா?"

"சத்தியமாங்க."

"எழுத்தை வைத்து மட்டுமா சொல்கிறீர்?"

கணபதி துரையைப் பார்த்தான். துரை மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கணபதி மெல்லச் சிரித்தான். பாவி, சிரித்தான்!

"மேல எழுநூத்தி எண்பத்தாறு இருக்கு பாருங்க. ரொம்பப் பக்தியான மனுஷனுங்க. அதைப் போடாம பேனாவையே தொட மாட்டாரு."

"சில நாள் மறந்திருக்கலாம்."

"மறக்கவே மாட்டாருங்க! ஒரு பக்கம்கூட. சாமான் வாங்குற சீட்டுத் துண்டுலகூடப் போடுவாருங்க."

மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல நீதவான் எழுதிக்கொண்டார். புரொக்டர் அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நல்லது. அதே புத்தகத்தில் போன வருஷம் ஜனவரிப் பக்கத்தைத் திறவும். அந்த எண்ணை நீதவானுக்குக் காட்டும்."

கணபதி திறந்தான். மேலே பார்த்தான். கீழே பார்த்தான்.

"இருக்கிறதா?"

"இல்லீங்க."

"பெப்ரவரி?"

"இல்லீங்க."

ஒன்பது பக்கம். ஒன்பது 'இல்லீங்க'. கடைசி இரண்டும் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நீதவான் கொட்டாவியை மறந்து நிமிர்ந்துவிட்டார்.

"அதைப் போடாமல் அவர் ஒரு பக்கம்கூட எழுதமாட்டார் என்று சத்தியம் செய்தீர். அப்படியானால் இந்த ஒன்பது பக்கமும் பொய்யா? அல்லது கடைசி மூன்றா? வருஷம் முழுக்கக் கூட இருந்த ஆள். இந்தப் பக்கங்களை நீர் பார்த்ததே இல்லையா?"

கணபதிக்கு வேர்த்துக் கொட்டியது. எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து நெற்றியில் வழிந்தது. "நான் எங்கங்க பார்க்கிறது?" என்று கத்திவிட்டான். "முன்பக்கத்தையெல்லாம் துரை நாடா போட்டுக் கட்டி வச்சுக்கிட்டுல்ல எழுதச் சொன்னாரு!"

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமி, ஒரு வார்த்தை விடாமல், ஆற அமர ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனுஷருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

விஷயம் எங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த முந்தின பக்கங்களில் துரை யார் யாருக்கு அரைப் பேர் வெட்டினார் என்பது இருக்கிறது. அதைத் தன் கள்ளக் கையாள்கூடப் பார்க்கக் கூடாதென்று துரை கட்டி வைத்திருக்கிறார். திருட்டிலும் தன் கூட்டாளியை நம்பாத ஆள்.

நீதவானின் முகம் சிவந்திருந்தது. ரெங்கம்மாவுக்கு விடுதலை. அவளுடைய மூன்று மாதக் கூலியைத் துரை இங்கேயே கட்ட வேண்டும். கூலி கொடுக்காத குற்றத்துக்கு ஐம்பது ரூபாய் அபராதம். பொய்ச் சாட்சிக்குக் கணபதி காவலில். கள்ளப் புத்தகத்தில் துரைக்குள்ள பங்கைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். மேலிடத்துக்கு எழுதினால் என்ன ஆகும் என்று பதுளையில் எல்லாருக்கும் தெரியும். ஒன்றும் ஆகாது.

துரைக்கும் தெரியும். அவர் சிரித்துவிட்டார்! எழுதியவன் விலங்கோடு போகிறான், எழுதச் சொன்னவர் பையைத் திறந்து பத்து ரூபாய்த் தாள் ஐந்தை மேசையில் விசிறினார். பிறகு ரெங்கம்மாவின் கூலியை வைத்தார். மூன்று மாதம் வெயிலிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த கூலி அந்த அபராதத்தில் பாதிகூட வரவில்லை. "என் குதிரை லாடத்துக்கு இதைவிடக் கூடச் செலவாகிறது" என்று பக்கத்திலிருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாராம். ஜெயித்தும் என்ன, நம் முகத்தில் காசை எறிந்துவிட்டுப் போகிறான்.

மஹ்ரூப் நானா ஒரு துண்டை என் கையில் திணித்தார். "இதுதான் கடைசி. ஓடு."

புரொக்டர் அதைப் படித்தார். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். பிறகு எழுந்தார்.

"கனம் நீதவான் அவர்களே, இந்த ஐம்பது ரூபாய் ஒரு ஆளுக்குக் கூலி கொடுக்காததற்கு. அதே மூன்று மாதக் கூலி வராத அறுபது பேர் வெளியே வளவில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக முறையிட விரும்புகிறார்கள். அவர்களைத் தேடி ஆள் அனுப்பத் தேவையில்லை. துரை அவர்களே கூட்டி வந்திருக்கிறார்."

துரையின் கை பைக்குள்ளேயே நின்றது.

நீதவான் ஜன்னல் வழியாக வளவைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். "தனித்தனியாக."

நான் வெளியே ஓடுவதற்குள் ரெங்கம்மா போய்விட்டாள். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று, "எந்திரிச்சு வாங்க! எல்லாரும் வாங்க! உள்ள கேக்குறாங்க!" என்று கத்தினாள். யாரும் எழவில்லை. பயம். அவள் கையிலிருந்த காசைத் தூக்கிக் காட்டினாள். அப்போதுதான் மாரிசாமி மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் கம்பளிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

குமாஸ்தாவுக்குக் கை போதவில்லை. மஹ்ரூப் நானா விறாந்தையில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, மாரிசாமியின் முறைப்பாட்டை எழுதத் தாளை எடுத்தார். பேனாவை மையில் தோய்த்தார். ஒரு நொடி நிறுத்தினார். பிறகு தாளின் தலையில் சின்னதாக 786 என்று போட்டார்.

"நானா, கோர்ட்டுக் காயிதமாச்சே?" என்றேன்.

"இதுல ஒரு பொய்யும் இல்ல முருகையா" என்றார், தலை நிமிராமல். "நீ அடுத்த ஆளைக் கூப்பிடு."

கூப்பிட்டேன்.